லஸ் முனையில் ஒரு ஹெல்மெட்

லஸ் முனையில் போலீஸ்காரர் கையை நீட்டி எங்களை நிறுத்தியிருந்தார். என் சைக்கிளுக்கு முன்னால் இன்னொரு சைக்கிள். அதில் இருந்தவன், ஸ்கூட்டர்காரர்கள் போடுகிற ஹெல்மெட்டை மாட்டியிருந்தான். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாப்பது வருஷமா சைக்கிள் ஓட்டறேன். என் தலைக்கு என்ன ஆயிடுத்து?" என்றேன், அவன் காதில் விழும்படி.

பக்கத்தில் சைக்கிளோடு நின்ற பால்காரர், "கீழ வுழுந்தா மண்டை ஒடையும் சாமி. போட்டுக்கினா இன்னா தப்பு?" என்றார்.

"மாட்டு வண்டியை முந்தத் துப்பில்லே, இதுக்குக் கவசம் வேறயா? வெறும் ஜம்பம்! இவனையும் நம்பி ஒருத்தன் பொண்ணைக் குடுத்திருப்பான் பாரு, அவனைச் சொல்லணும்!"

முன்னால் இருந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினான்.

என் மாப்பிள்ளை சுவாமிநாதன்.

"மாப்பிள்ளை... நீங்களா? இது எதுக்கு உங்களுக்கு?"

"நீங்க குடுத்ததுதான் மாமா. தலை தீபாவளிக்கு ஸ்கூட்டர் தரேன்னு சொன்னேள். வண்டி புக் பண்ணியாச்சு, இப்போதைக்கு இதை வெச்சுக்கோங்கோன்னு குடுத்தேள். அதுக்கப்புறம் மூணு தீபாவளி போயிடுத்து. சும்மா கிடக்கறதேன்னு போட்டுண்டேன்."

போலீஸ்காரர் கையை இறக்கினார். மாப்பிள்ளை போய்விட்டார்.

பால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணைக் குடுத்தவன் நீதானா சாமி?"