கரிக்குப் பிடித்த விருந்தாளி

அனல் பறக்கும் ஒரு மின்கலத்துக்குள் கரித்துண்டு ஒன்று இருந்தது. தான் கரைந்து, வெளியே இருக்கிற பல்பை எரியவைப்பதுதான் அதற்கு வேலை. துணைக்குக் குழாய் வழியாக நைட்ரஜன் வந்துபோகும்.

நைட்ரஜன் மகா மரியாதைக்காரர். "நீங்க இருங்க, நான் ஓரமா போயிடறேன்" என்று கரியின் மேல் படாமலே வெளியேறிவிடுவார். கரிக்குப் பெருமை தாங்கவில்லை. பல்புதான் அழுது வடிந்தது.

"கரியண்ணே, அந்த ஆள் உள்ள வந்து என்னதான் செய்யறாரு? இப்படியே போனா என்னைக் கழட்டி வீசிடுவாங்க."

"பெரிய மனுஷங்க வர்ற இடம் தம்பி. கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும்."

ஒருநாள் குழாயை மாற்றினார்கள். கலத்திலிருந்து கழிவாக வெளியே போன கரியமில வாயுவே திரும்பி வந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் கரியை ஒரு கடி கடித்தது. கடித்த துணுக்கு வேறொரு வாயுவாகி ஓடிப்போய் மின்சாரம் தந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ஐயோ, இந்தக் காவாலிப்பய என்னைத் தின்கிறான். நைட்ரஜன் ஐயாவைக் கூப்பிடு. அவர் இத்தனை நாளும் என்னை ஒண்ணுமே செய்யல" என்று கரி அலறியது.

"அதைத்தானே அண்ணே நானும் சொல்லிட்டிருந்தேன்" என்றது பல்பு.