ஆள் எண்ணும் புரோகிராம்

மென்பொருள் துணுக்குகளை இறக்கித் தரும் புது பேக்கேஜ் மேனேஜரை நிறுவியதிலிருந்து, கேமராவில் பார்த்து அறையிலுள்ள ஆட்களை எண்ணும் புரோகிராம், தனக்கு வேண்டிய துணுக்கைக் காணாமல் "மாட்யூல் இல்லை" என்று அழிச்சாட்டியம் செய்தது. நாலு மணிக்கு வாடிக்கையாளர் வருகிறார்.

"சாமானை ஒரு வீட்டுல இறக்கிட்டு இன்னொரு வீட்டுல தேடினா கிடைக்குமா சார்?" என்றாள் புரோகிராமர், முதலாளியிடம். கணினியில் புரோகிராமை ஓட்டும் பைதான் மென்பொருள், பழையதும் புதியதுமாக இரண்டு இருந்தன. பழையதைத் துடைத்துவிட்டு, மாட்யூலைப் புதியதில் ஏற்றினாள். பிழை போயே போச்சு.

திரையில் 3 என்று வந்தது. அறையில் அவளும் முதலாளியும்தான்.

"நீங்க வெளியில நில்லுங்க சார்."

அவர் போனதும் 2. அவளும் வெளியேறிக் கதவைச் சாத்தி, கண்ணாடி வழியே பார்த்தாள். 1.

"கணக்கு உதைக்குதேம்மா."

கதவு திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டது. முதலாளி ஏனோ வழிவிட்டு ஒதுங்கினார். திரையில் 0.

"சரியாத்தான் சார் எண்ணுது," என்றாள்.