சிங்க்கில் போன சர்க்கரைத் தண்ணீர்

துறைத் தலைவரை அழைத்துக்கொண்டு ஆராய்ச்சி மாணவி லேபுக்குத் திரும்பியபோது, அட்டெண்டர் அவளுடைய பாட்டிலை சிங்க்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அண்ணே, அது என்னோடது. காலைலதான் கலந்து வெச்சேன்."

தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்னய்யா பண்றே? அரை மணி நேரத்துல தேர்வுக் குழு வருது."

"கை தவறிடுச்சு சார்."

கை தவறினால் பாட்டில் கீழே விழும். கடைசிச் சொட்டு வரை உதறியா ஊற்றும்? உம்மணாமூஞ்சி என்று லேபில் சும்மாவா பேர் வைத்தார்கள்.

மூன்று வருஷ உழைப்பு அது. உயிருள்ள ஈஸ்ட் செல்லையும் செத்த செல்லையும் மின்புலத்தால் பிரிக்கிற சின்னக் கண்ணாடிச் சில்லு. குழு தலையாட்டினால் பட்டம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

செல்களை மிதக்கவிடத்தான் அந்தச் சர்க்கரைத் தண்ணீர். கொஞ்சம் உப்பு சேர்ந்தாலும் காரியம் கெட்டுவிடும். அதற்காகவே சாதாரணக் குழாய்க்குப் பக்கத்தில், காய்ச்சி வடித்த தண்ணீருக்கென்று தனிக் குழாய் வைத்திருந்தார்கள்.

"சர்க்கரை எடை போட்டு வெச்சிருக்கேன். கலந்துக்கோங்கம்மா," என்றார் அட்டெண்டர், ஒன்றும் நடக்காத மாதிரி.

செய்வதையும் செய்துவிட்டுப் பேச்சைப் பார். வாய்க்குள் திட்டிக்கொண்டே கலந்தாள்.

குழு வந்தது. சுவிட்சைத் தட்டினாள். திரையில் உயிருள்ள செல்களெல்லாம் குடுகுடுவென்று ஓடி மின்கம்பி ஓரமாய் ஒட்டிக்கொண்டன, பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிக்கிற மாதிரி. செத்தவை தம்பாட்டுக்கு மிதந்து போயின.

"பிரமாதம்மா," என்றார் குழுவின் பெரியவர்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லோரும் கிளம்பியதும் துறைத் தலைவர் வாசலில் நின்று திரும்பினார். "டாக்டரம்மா, அந்த ஆள் மேல ஒரு புகார் எழுதிக் கொடு. இன்னிக்கே வேற இடத்துக்கு மாத்திடறேன்."

பேனாவை எடுத்துவிட்டாள். இருந்தாலும் சந்தோஷமான நாள். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"ஏண்ணே அப்படிப் பண்ணீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

அட்டெண்டர் வாசலை எட்டிப் பார்த்தார். தலைவர் படியிறங்கிப் போய்விட்டார். அப்புறம்தான் குரலைத் தாழ்த்தினார்.

"சார் முன்னாடி சொல்ல வேணாம்னு பார்த்தேம்மா. காலைல உங்க அம்மாகிட்ட போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டே, பாட்டிலை எந்தக் குழாய்ல பிடிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?"