ஏழு குளிர்நாட்கள்

ஆண்டுக்கு ஏழு நாட்கள் மட்டுமே வெயில் தணிந்தது; நீர்ப் பூங்காவும் அந்நாட்களில்தான் திறந்தது. இவ்வாண்டேனும் மகள் தாரிணியைச் சறுக்கில் ஏற்றிவிடுவதென்று கண்ணபிரான் கங்கணம் கட்டியிருந்தார். முன்பதிவு வெள்ளிக்கிழமை பத்தரைக்குத் தொடங்கியது.

"ராகு காலங்க. பன்னெண்டு அடிக்கட்டும்," என்று மனைவி கோமளம் கைப்பேசியைப் பறித்துக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு ஓரிடமும் மிஞ்சவில்லை.

"இப்ப உன் ராகுவையே சறுக்கச் சொல்லு!" என்று அவர் வெடித்தார்.

தாரிணி, ஒருமுறைகூட நனையாத நீச்சலுடையை மடித்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த வருஷம் எனக்குப் பதிமூணுப்பா. பன்னெண்டுக்கு மேல சறுக்குல ஏத்தமாட்டாங்க. இத எதிர்வீட்டு ரெபேக்காவுக்குக் குடுத்துடட்டுமா? அவ வீட்ல பத்தரைக்கே பதிவு பண்ணிட்டாங்க."