ஒரு நம்பர், ஒரு ஆள்

"மாட்டுனா பாரு திருடி!"

லிம்பானி போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜை தமாண்டாவின் டீ தளும்பிவிட்டது.

மலாவியின் தலைநகர் லிலாங்வேயில், விதைக் கூட்டுறவு அலுவலகத்தில் காலை பத்து மணி. இலவச மக்காச்சோள விதைக்குப் பதிய மதியம் பன்னிரண்டு வரைதான் நேரம். விட்டால் இந்த மழைக்கு விதைப்பு இல்லை.

"ஒரே போன் நம்பர். அதுல நாப்பத்தி மூணு பேரு பதிய வந்திருக்காங்க. மொத ஆளு எஸ்தர் பிரி உள்ள போயிருச்சு. மீதி நாப்பத்தி ரெண்டையும் என் லாகின் வாசல்லயே நிறுத்திருச்சு. எப்பூடி?"

"எந்த எஸ்தர் பிரி? தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க" என்றாள் தமாண்டா.

லாகின் வேலை முழுக்க லிம்பானியுடையது. மென்பொருளோடு ரெடிமேடாக வரும் பயனர் பதிவு முறை ஆளுக்கொரு யூசர்நேம் கேட்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, போன் நம்பரையே ஆளின் அடையாளமாக மாற்றி எழுதியிருந்தான். ஒரு நம்பருக்கு ஒரு ஆள். இரண்டு வாரமாக வேறு பேச்சே இல்லை.

"யூசர்நேம் எவனுக்கு ஞாபகம் இருக்கும்? நம்பர் மறக்குமா?"

"உனக்கு எத்தனை பேர் நம்பர் தெரியும், சொல்லு பாப்போம்?"

"என்னோடது. மத்ததெல்லாம் பேரைத் தட்டுனா போகுதுல்ல?"

தமாண்டா சிரித்தாள். "சரி, ஒரு ஊருக்கே ஒரு போனுதான்னா என்ன பண்ணுவ?"

"இந்தக் காலத்துல போன் இல்லாத ஆளா? எங்கம்மாகிட்டயே இருக்கு மகராசி! போன கிறிஸ்மஸுக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

பேசிக்கொண்டே அந்த நம்பரை முடக்கினான். கையோடு ஒரு செய்தியும் தட்டிவிட்டான்: 'ஊரை ஏமாற்றும் திருடிக்கு விதை கிடையாது.'

மேலாளர் மிசிஸ்கா எட்டிப் பார்த்தார். "முடக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா தம்பி?"

"திருடிகிட்ட என்ன சார் கேக்குறது?"

அவர் திரையைப் பார்த்து மேஜை போனில் அந்த நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். அறையில் இருந்த ஆறு பேரும் திரும்பினார்கள். லிம்பானி மந்தாசி என்ற எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையைக் கடித்தபடி தமாண்டாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"ஐயா..." ஒரு பெண் குரல். "செய்தி வந்துச்சுங்கய்யா. எனக்குப் படிக்கத் தெரியாது. எஸ்தர்தான் எல்லார் முன்னாடியும் சத்தமா படிச்சிட்டா. நான் திருடலைங்கய்யா."

லிம்பானி மெல்லுவதை நிறுத்தினான்.

"எங்க ஊர்ல இது ஒண்ணுதான் போனு. எல்லாப் பொம்பளைங்களுக்கும் நான்தான் இதைக் குடுத்தேன். என் பேரைக் கடைசியா போட்டுக்கலாம்னு இன்னும் போடக்கூட இல்ல. எனக்கு வேணாம், அவங்களுக்காவது குடுத்துருங்கய்யா."

"எல்லாருக்கும் உண்டும்மா. தப்பு எங்க மேலதான்."

சொல்லிவிட்டு மிசிஸ்கா லிம்பானியைப் பார்த்தார். அவன் தலை மேஜையைத் தொடும் அளவுக்குக் கவிழ்ந்திருந்தது. வாயில் இருந்ததை அவன் இன்னும் விழுங்கவில்லை.

"இன்னொண்ணுங்கய்யா." குரல் தாழ்ந்தது. "இதெல்லாம் எம் பையன் கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு பெருமையா சொல்லித்தான் எல்லாரையும் பதிய வச்சேன். அங்கதான் இருப்பான். லிம்பானின்னு பேரு."

தமாண்டா டீக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"அவங்கம்மாவைத் திருடின்னு சொன்னது அவனுக்குத் தெரிய வேணாங்கய்யா. தாங்க மாட்டான்."