சுருட்டைமுடிக்காரனுக்கு மாலை

ராயபுரத்துக் கடற்காற்றில் சுவர்க் காலண்டர் படபடக்கிறது. அம்மு மூன்றாம் முறையாக எழுந்து அதைப் பிடித்து நிறுத்துகிறாள். இன்று அவள் கணவன் கிருஷ்ணப்பனுக்குப் பதினாறாம் நாள் காரியம். ஹார்பரில் கிரேன் ஓட்டியவன். போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. தைலக் கம்பெனி அச்சடித்த அந்தக் காலண்டரில், இளவயதில் இறந்துபோன இங்கிலீஷ் கவிஞனின் படமும் நான்கு வரிப் பாட்டும் இருக்கின்றன. சவரம் செய்யும்போதெல்லாம் கிருஷ்ணப்பன் உரக்கப் படித்த பாட்டு. மாமியார் கெங்கம்மா அந்தப் படத்துக்கே மாலை போட்டுவிட்டாள். "இன்னாக்கா, வெள்ளக்காரனுக்குப் படைச்சுகினு கீறே?" என்று பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். அம்முவுக்கு உடம்பு கூசுகிறது. மாலையைக் கழற்றக் கை நீள்கிறது. கெங்கம்மா கற்பூரம் ஏற்றி, படத்திலிருக்கும் சுருட்டை முடியைத் தடவுகிறாள். "பசியா கீறியா நைனா? துன்னுட்டுப் போ." அம்மு சோற்று இலையைச் சுவரோரமாக நகர்த்தி வைக்கிறாள்.