யாருக்கு இண்டிகேட்டர்?

டிக்... டிக்... டிக்...

எங்கள் பழைய காரின் இண்டிகேட்டர் சத்தம். அந்தக் காரை விற்று எத்தனையோ காலமாகிவிட்டது. சத்தம் மட்டும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப் போய்க்கொண்டிருந்தோம். பக்கவாதம் அம்மாவின் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. முன்சீட்டைச் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். ஓட்டியவர் என் கணவர். பின்னால் நானும், ஆடிட்டரான என் அண்ணனும்.

"மதியத்துக்குள்ள போயிடணும் மாப்பிள்ளை. லேட்டானா படுக்கையை வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க."

"சரி மச்சான்" என்றவர், கொஞ்ச தூரத்திலேயே நெடுஞ்சாலையை விட்டு, இடதுபக்கம் ஒரு வயல்சாலையில் சடாரென்று வண்டியை இறக்கினார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"சும்மா... ஒரு சுத்து."

அண்ணன் என்னைப் பார்த்தார். "உன் வீட்டுக்காரருக்கு இன்னைக்குமா ஊர் சுத்தணும்?"

நான் என்ன சொல்ல? தையல் மிஷின் விற்கிறவர். ஓர் ஊருக்கென்று கிளம்பி வேறோர் ஊரில் போய் நிற்கிறவர். அதற்காக, இந்த நாளிலா?

இருபுறமும் சூரியகாந்தி. அத்தனை மஞ்சளை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டி நின்றது. இடது இண்டிகேட்டர். டிக், டிக், டிக். அப்புறம் வலது. டிக், டிக்... எங்கோ டொக்கென்று ஒரு சத்தம். வண்டி வலதுபக்கம் திரும்பியது.

"யாருக்கு மாப்பிள்ளை இண்டிகேட்டர்? முன்னாலயும் ஆளில்லை, பின்னாலயும் ஆளில்லை. அந்தக் காக்காவுக்கா?"

"பழக்கம் மச்சான்."

"கதவுல வேற டொக்கு டொக்குன்னு என்னமோ சத்தம். போய்ச் சேர்றதுக்குள்ள கழண்டு விழுந்துடும்."

அடுத்த பிரிவிலும் அதே கூத்து. அதற்கடுத்ததிலும். நின்று, டிக்கடித்து, எதையோ யோசிப்பதுபோல் காத்திருந்து, திரும்பினார்.

"இந்தக் குலுக்கலை அம்மா உடம்பு தாங்குமா?" என்றேன் மெதுவாக.

"அம்மாவுக்கு என்ன தெரியப்போகுது" என்றார் அண்ணன். அந்தக் குரலில் கோபமில்லை. மாதக்கணக்கில் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்த அலுப்புதான் இருந்தது. "டாக்டரே சொல்லிட்டாரே, நாம பேசறது எதுவும் உள்ளே போகலைன்னு."

ஒரு மேட்டில் ஏறினோம். எதிரே சாலையைக் காணவில்லை.

ஏரி. கரை தளும்பத் தளும்ப, கீழே இன்னொரு வானம். அதன்மேல் வெள்ளையாகப் பரந்து கிடந்ததை ஏதோ பூ என்றே நினைத்தேன். வண்டிச் சத்தத்தில் அந்த வெள்ளை மொத்தமும் எழுந்தது. பறவைகள்! ஆயிரமா, பத்தாயிரமா? எதையும் எண்ணாமல் விடாத ஆடிட்டர்கூட எண்ணப் பார்க்கவில்லை. அவற்றின் நிழல் எங்கள் முகங்கள்மேல் ஓடியது. இறக்கைச் சத்தம் பெருமழைபோல் வந்து, கடந்து, அடங்கியது.

அண்ணனின் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

கரையோரமாகவே ஊர்ந்து, வண்டி ஒரு கைகாட்டியின் கீழ் நின்றது. இடதுபக்கம், ஏரியின் மறுகோடியில், இல்லத்தின் ஓட்டுக்கூரை தெரிந்தது. வலதுபக்கம் போனால் நெடுஞ்சாலை, வீடு.

"அப்பாடா, வந்துட்டோம். இடதுபக்கம் மாப்பிள்ளை."

என் கணவர் திரும்பி உட்கார்ந்தார்.

"மச்சான், இவ்வளவு தூரத்துல ஒரு இடத்துலகூட நானா திருப்பலை. ஹைவேயில லாரிக்கு ஒதுங்க இண்டிகேட்டர் போட்டேன். அத்தை கதவுல தட்டினாங்க. சரி, கேட்டுத்தான் பார்ப்போமேன்னு... ஒவ்வொரு பிரிவுலயும் கேட்டேன். சொன்னாங்க."

அண்ணன் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல், முன்சீட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அம்மாவின் இடது கை கதவின்மேல் இருந்தது. ஆட்காட்டி விரல் மட்டும் தூக்கியபடி, தயாராக.

அத்தனை மாதமும் நாங்கள் அம்மாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவோடு பேசவில்லை.

"வலதுபக்கம் போடுங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "வீட்டுக்கே போயிடலாம்."

டிக், டிக், டிக்.

விரல் அசையவில்லை.

"அம்மா, வலதுபக்கம்மா. நம்ம வீடு. தட்டும்மா."

அம்மா ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் இண்டிகேட்டரை இடதுபக்கம் மாற்றினார்.

டொக்.

"அது இல்லம்னு அம்மாவுக்குத் தெரியலை மாப்பிள்ளை!"

"இந்த ஏரிக்கு வழி தெரிஞ்சவங்களுக்கா மச்சான் அது தெரியாது?"

டொக். இந்தத் தட்டு முன்னதைவிடப் பலமாக இருந்தது.

அந்த இல்லத்தில், ஏரியைப் பார்த்த ஜன்னலோரமாக, அம்மா மூன்று மழைக்காலம் இருந்தாள். அண்ணன் அந்த வயதுக்குமேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து, ஆளில்லாத ஒவ்வொரு பிரிவிலும் இண்டிகேட்டர் போட்டுக் காத்து நின்றார்.